பிரீசரில் ஒளித்த மருந்து

அக்கா,

இன்று காசிமேட்டில் ஒரு வீட்டுக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போனேன். பிரீசரைத் திறந்ததும் வஞ்சிரத்தின் கவிச்சி. மீனுக்குப் பின்னால், கறுப்பு கவருக்குள், கல்லாக உறைந்த ஒரு இன்சுலின் பாட்டில். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

உன் வளைகாப்புக்கு முந்தின நாள் உன் மாமியாரும் இதைத்தான் செய்தார். உறவுக்காரர்கள் வருவார்கள், ஃபிரிட்ஜைத் திறப்பார்கள், ஊசி போட்டுக்கொள்ளும் மருமகள் என்று தெரிந்துவிடும். அதனால் அந்த மாதத்துப் பாட்டில்கள் எல்லாம் பிரீசரில், இறால் பொட்டலத்துக்கு அடியில். விருந்து முடிந்ததும் சத்தமில்லாமல் பழைய தட்டுக்கு வந்துவிட்டன. உறைந்து இளகிய இன்சுலின் பார்க்க மருந்து போலவே இருக்கும். வேலை செய்யாது.

அன்று ஆளாளுக்கு உன் வாயில் இனிப்பைத் திணித்தார்கள். நீ பாதியை முந்தானையில் துப்பி என்னிடம் நீட்டினாய். "துன்னுடா. உனுக்குத்தான் சுகர் இல்லியே."

அப்புறம் போனில் தினமும் ஒரே புலம்பல். "ஒழுங்காத்தான்டா போட்டுக்கினு கீறேன். எறங்க மாட்டேங்குது. மருந்துக்கே எம்மேல இன்னா காண்டோ." டாக்டர் அளவைக் கூட்டினார். செத்த மருந்தை நீ இன்னும் அதிகமாகக் குத்திக்கொண்டாய்.

ஏறின சர்க்கரை ரத்தக்குழாய்களைக் கெடுக்கும், கர்ப்பத்தில் இன்னும் வேகமாக என்றார்கள். முதலில் கண். விழித்திரையில் ரத்தம் கசிந்து, என் முகம் புகையாகத் தெரிகிறது என்றாய். "எண்ணூர் பேக்டரி பொகை உன் மூஞ்சிக்கும் வந்துடுச்சா?" என்று அதிலும் கிண்டல். பிறகு பிரஷர், வலிப்பு. குழந்தையை மட்டும் எடுத்துக் கொடுத்தார்கள்.

உன் காரியத்தன்று மாமியார் அழுதுகொண்டே சொன்னார்: "பிரீசர்ல பத்தரமாதானே வெச்சேன், யாரு கண்ணுலயும் படாம." நல்ல மனுஷி என்கிறார்கள். இருக்கட்டும். அந்த 'யாரு கண்ணுலயும் படாம' என்பதைத்தான் இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

காசிமேட்டு வீட்டில் மருந்து யாருடையது என்று கேட்டேன். மாசமாக இருந்த பெண் கதவோரம் வந்து நின்றாள். அவள் மாமியார் என் கையைப் பிடித்தார். "மெதுவா பேசு நைனா, பக்கத்து வூட்ல கேக்கும்."

கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "இது செத்துப்போன மருந்து. குத்திக்காத. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் புதுசு வாங்கு. கதவுத் தட்டுல வை, வர்றவன் போறவன் பாக்கட்டும்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பாட்டிலை அங்கே விட்டுவர எனக்கு நம்பிக்கையில்லை. டூல்ஸ் பையில் போட்டு எடுத்துவந்துவிட்டேன். இப்போது மேஜைமேல் இருக்கிறது, அக்கா. முழுசாக இளகிவிட்டது. நல்ல மருந்து போலவே இருக்கிறது.