முன்பாதி வெள்ளி, பின்பாதி கறுப்பு

நாள் 38. காலை 7.10

ஆக்சிஜன் சரி. கரியமில வடிகட்டி சரி. கடலுக்குத் திறந்திருக்கும் தரைத் துவாரத்தில் நீர்மட்டம் விளிம்போடு நிற்கிறது. ஹீலியம் கலந்த காற்று என்பதால் என் குரல் இன்றும் வாத்துக் குரல்.

இந்த நோட்டு யார் கையில் கிடைக்குமோ தெரியாது, ஆகவே ஓர் அறிமுகம். நான் பிலோமினா பர்னாந்து, தூத்துக்குடிக்காரி. வகைப்பாட்டாளர். அதாவது புதுப் பிராணிகளை அளந்து, வரைந்து, பேர் வைத்து, எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று ஊரெல்லாம் சண்டை போடுகிறவள். மன்னார் வளைகுடாவுக்கு வெளியே 212 மீட்டர் ஆழத்தில், ‘முக்குளி’ நிலையத்தில் இருக்கிறேன். உடனிருந்த இருவர் நாள் 30 அன்று மேலே போய்விட்டார்கள்; ஒருவருக்குக் குடல்வால் வலி. என்னையும் கூப்பிட்டார்கள். பார்த்து முடிக்காத பதினோரு ஜாடி மிச்சம் இருக்கும்போது எப்படிப் போவது? மீட்புக் கூண்டு நாள் 45 அன்று எனக்காக வரும்.

பென்சிலில் எழுதுகிறேன். எங்கள் தொழிலில் பேனா ஆகாது. ஜாடியில் இருக்கும் சாராயத்தில் மை கரைந்துவிடும், பென்சில் கரையாது.

நாள் 38. மாலை 3.40

கட்டுரை வெளியாகிவிட்டது! புதுப் பேரினம் தூத்தோனிஸ்கஸ். என் ஊர்ப் பெயரைக் கடல் பிராணிக்கு வைத்துவிட்டேன், இனி யாராலும் மாற்ற முடியாது. பதினான்கு கால், விரல் நகம் அளவு, மரவட்டைக்குத் தூரத்துச் சொந்தம். அதற்குள் இரண்டு துணைப்பேரினங்கள். ஒன்றில் கறுப்புப் பிராணி: உளிபோன்ற தாடை, ரப்பர் என்றால் உயிர். பெயர் வோராக்ஸ். இன்னொன்று அர்ஜென்டெல்லா: வெள்ளித் தட்டுபோல மினுங்கும், தாடையே கிடையாது, பாசியை நக்கிப் பிழைக்கும். அதன் ஒரே சிற்றினத்துக்கு என் தம்பி கஸ்பாரின் பெயர். கஸ்பாரி. மீட்புக் கப்பலில் கூண்டு ஓட்டுகிறவன் அவன்தான். “என் பேர்ல ஒரு பூச்சியாவது வையேன்” என்று ஆறு வருடமாக நச்சரித்தான்.

அருங்காட்சியகத்திலிருந்து தயாநிதி சாரின் செய்தி: “வாழ்த்துகள்மா. ஆனா ரெண்டும் ஒரே பிராணியோட சின்ன வயசு, பெரிய வயசா இருந்துடப் போகுது. கொஞ்சம் உயிரோட வளர்த்துப் பாருங்க.”

தாடை உள்ளதும் தாடை இல்லாததும் ஒன்றாம். அந்த மனிதருக்கு, நான் பேர் வைத்து ஒரு துணைப்பேரினம் வந்தால் வயிற்றெரிச்சல். பதில் அனுப்பவில்லை.

நாள் 39. காலை 7.15

எல்லாம் சரி. மேல்வாசல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கூண்டு வந்து பொருந்தும் ரப்பர் வளையத்தில் வெள்ளித் தட்டுகள் நானூறுக்குமேல். அழகு.

வளையத்தைத் தினமும் சுரண்ட வேண்டும் என்பது நிலைய விதி. உடனிருந்தவர்கள் போனதிலிருந்து, ஒன்பது நாளாக, நான் சுரண்டவில்லை. ஒரு சிற்றினத்தை முதலில் எடுத்த இடம்தான் அதன் மூல இடம். அந்த இடத்தை அழிப்பது எங்களுக்குப் பாவம். கஸ்பாரியின் மூல இடம், கட்டுரையில் எழுதியபடி, ‘முக்குளி நிலையம், மேல்வாசல் வளையம்’. விதைத்த வயலிலேயே ஆட்டை மேய விட்டவள் என்று யாரும் சிரிக்க வேண்டாம். கறுப்பைக் கண்டால் அங்கேயே கொல்கிறேன். வெள்ளி ஒன்றும் செய்யாது.

நாள் 40. காலை 11.20

ஒலித்தொடர்பு பாதி செத்துவிட்டது. மேலே பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவதும் எழுதி அனுப்புவதும் போகவில்லை. வெளிக்கம்பியின் ரப்பர் உறை மூன்று இடத்தில் தின்னப்பட்டிருக்கிறது. வோராக்ஸின் வேலை.

வலைக்கூடையில் கிடைத்த ஆறு வெள்ளிகளைச் சாராயத்தில் போட மறந்து கடல்நீர்த் தட்டிலேயே விட்டிருக்கிறேன். அப்புறம் பார்க்கலாம்.

நாள் 41. காலை 9.05

மேலிருந்து கஸ்பார்: “யக்கா, ஏன் பேச மாட்டேங்க? நேத்துலருந்து கூப்பிடுதேன். கேட்டா எதையாவது தட்டு.”

கப்பலின் நீரொலிவாங்கிக்குக் கேட்கட்டும் என்று குறடால் சுவரைத் தட்டினேன். ஐந்து நிமிடம் தட்டினேன்.

“கேக்கு! கேக்கு! உயிரோடதான் இருக்க. சரி, அங்க என்னமோ கெட்டுப் போச்சுன்னு தெரியுது. நாங்க முன்னாடியே வாரோம். பயப்படாத.”

அழுகை வந்தது. முப்பத்தெட்டு வயதில், வாத்துக் குரலில் அழுவது கேட்கச் சகிக்கவில்லை.

நாள் 42. காலை 10.30

தட்டில் ஆறு இருந்தது. ஐந்து வெள்ளி.

ஆறாவதை உருப்பெருக்கியில் வைத்து ஒரு மணி நேரமாகப் பார்க்கிறேன். இந்தக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு: தோலை ஒரே நேரத்தில் உரிக்காது. பின்பாதியை முதலில் உரிக்கும், ஓரிரு நாள் கழித்து முன்பாதியை. முதலாண்டு மாணவருக்கும் தெரிந்த விஷயம்.

இதன் முன்பாதி வெள்ளி. பின்பாதி கறுப்பு.

என் கட்டுரைப்படி இந்த ஒரு பிராணியின் தலை ஒரு துணைப்பேரினத்தைச் சேர்ந்தது, வால் இன்னொரு துணைப்பேரினத்தைச் சேர்ந்தது. வெள்ளித் தோலுக்கு அடியில் புதுத் தாடை தெரிகிறது. உளிபோன்ற தாடை.

நாள் 42. பிற்பகல் 1.15

இந்தத் தவறை வேறு தொழில்காரர் செய்ய முடியாது. மீன்காரர் செய்திருக்க மாட்டார். அவர் உயிரோடு பார்ப்பார். நான் பிடித்த நிமிடமே சாராயத்தில் போட்டேன். நூற்று இருபது வெள்ளிகள், நூற்று இருபது ஜாடிகள். சாராயத்தில் போட்டது வளருமா? குட்டியிலேயே கொன்று, குட்டிக்குப் பேர் வைத்து, அதற்குத் தனித் துணைப்பேரினமும் கொடுத்துவிட்டேன். தயாநிதி சார் சொன்னது சரி.

மேல்வாசலுக்கு ஏறிப் பார்த்தேன். வெள்ளி முப்பது இருக்கலாம். மிச்சம் எல்லாம் கறுப்பு. வளையத்தில் பள்ளம் பள்ளமாக, உள்ளே முட்டை. வெளியே போய்ச் சுரண்ட முக்குளிப்பு உடையை எடுத்தேன். அதன் காற்றுக் குழாயும் நைந்திருக்கிறது.

இத்தனை நாள் நான் பொத்திப் பொத்தி வளர்த்தது இதைத்தான்.

நாள் 42. மாலை 4.50

கஸ்பார்: “யக்கா, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானும் கூட்டாளி மிக்கேலும் கூண்டோட இறங்குதோம். மேல்வாசல் கேமரால பாத்தேன், மங்கலா என்னமோ ஒட்டியிருக்கு. கேப்டன் யோசிச்சாரு. நான்தான் உன் கட்டுரையக் காட்டினேன். அது எம்பேரு வச்ச பூச்சி சார், ஒண்ணும் செய்யாதுன்னு அக்காவே எழுதியிருக்குன்னேன். சரின்னுட்டாரு.”

தட்டினேன். வேண்டாம், வேண்டாம் என்று தட்டினேன்.

“சந்தோசத்துல தட்டுதா பாரு” என்றான் மிக்கேலிடம்.

புரியாதவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே உள்காற்றின் அழுத்தம் வெளிநீரின் அழுத்தத்துக்குச் சமம். கூண்டிலும் அதே அழுத்தம் வைத்துத்தான் மேலே ஏற்ற வேண்டும், நாட்கணக்கில் குறைக்க வேண்டும். கூண்டின் வளையமும் ரப்பர். வந்து பொருந்தினால் இவை அதில் ஏறிக்கொள்ளும். போகிற வழியில் வளையம் விட்டால், உள்ளே இருக்கிறவர்களின் ரத்தம் கோலி சோடாவை உடைத்ததுபோலப் பொங்கும். நான், மிக்கேல், கஸ்பார்.

நாள் 43. காலை 6.40

தூங்கவில்லை. வேறு வழி தேடினேன். தட்டுவதற்கு ஒரு சங்கேதம்கூட நாங்கள் பேசி வைக்கவில்லை. சின்ன வயதில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு தட்டி விளையாடுவோம். அதற்கு ஒரே அர்த்தம்: வா.

மிச்சம் இருப்பது அவசர மிதவை ஒன்றுதான். இந்த நோட்டை அதற்குள் வைத்து, கூரைக் குழாயிலிருந்து சுட்டால் மேலே போய்ச் சமிக்ஞை கொடுக்கும். அரை மணியில் எடுத்துவிடுவார்கள்.

நாள் 43. காலை 7.55

குழாயின் வெளிமூடி ரப்பரைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாதி இல்லை. உள்மூடியைத் திறந்ததுமே காற்று மேலே கசியும், தண்ணீர் தரைத் துவாரம் வழியாக ஏறும். சுட்டபின் எதுவும் மூடாது. ஆய்வறை போய்விடும். படுக்கை அறைக்குத் தனிக் கதவு, தனிக் காற்று. பதினோரு மணி நேரத்துக்கு வரும். அந்தக் கதவின் விளிம்பும் ரப்பர்தான்.

மிதவையை அனுப்பாமல் இருந்தால் பத்து மணிக்கு என் தம்பி முகத்தைப் பார்க்கலாம். இதை யோசித்தேன். யோசிக்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நாள் 43. காலை 8.20

கஸ்பார், இறங்காதே. ரப்பர் இல்லாத கூண்டு இருந்தால் மட்டும் வா. ஈயப் பட்டை வைத்து வளையம் செய்ய மூன்று நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். பதினோரு மணி நேரத்தையும் மூன்று நாளையும் வைத்து நீ கணக்குப் போட வேண்டாம், நான் போட்டாயிற்று. கேப்டன் சொன்னால் கேள். உன்னைத் திட்டவில்லை. நீ என் எழுத்தை நம்பினாய், அவ்வளவுதான்.

கீழே உள்ளதைத் தயாநிதி சாரிடம் கொடு. அச்சில் வர வேண்டும்.

திருத்தம். அர்ஜென்டெல்லா என்ற துணைப்பேரினம் செல்லாது. அது தூத்தோனிஸ்கஸின் குட்டிப்பருவம் மட்டுமே. கஸ்பாரியும் வோராக்ஸும் ஒரே சிற்றினம். ஒரே கட்டுரையில் ஒரே நாளில் வந்த இரண்டு பெயர்களில் எது வாழும், எது சாகும் என்பதை முதலில் திருத்துகிறவர் முடிவு செய்யலாம் என்பது விதி. முதலில் திருத்துகிறவர் நான். வாழும் பெயர்: கஸ்பாரி.

சான்று: இந்த நோட்டுடன் உள்ள ஜாடி. ஒரு பிராணி. முன்பாதி வெள்ளி, பின்பாதி கறுப்பு. மூல இடம்: மேல்வாசல் வளையம். அங்கே இனி யாரும் போக வேண்டாம்.

நாள் 43. காலை 8.36

உள்மூடியைத் திறந்துவிட்டேன். சீறுகிறது. தண்ணீர் கணுக்காலில். குளிர்.

கஸ்பார், பேர் நிலைத்துவிட்டது. ஆளும் நிலைக்க வேண்டும். இனி நான் தட்டினால் வா என்று அர்த்தம் இல்லை. எத்தனை நேரம் தட்டினாலும். கேட்டுக்கொண்டு மட்டும் இரு, நான்