வராதவன் போட்ட கையெழுத்து

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. மர ஆலையில் ஒரு பலகை சரிந்து வலக்கையில் விழுந்தது. கட்டுப் போட்டு இருபது நாளாகிறது. ஸ்பூனால் சாப்பிடும் துரையாகிவிட்டேன். இதை இடக்கையால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கூட்ட நோட்டின் போட்டோவைப் பார்த்தேன். போன வாரம் வனக்குழுக் கூட்டத்துக்கு நான் வந்தேனாம். மேட்டுக்காட்டை வெட்டச் சம்மதம் என்று முத்து முத்தாகக் கையெழுத்தும் போட்டேனாம். வெட்டக்கூடாது என்று எழுந்து சொன்ன உன்னிடம் தலைவர், "வீட்டுக்கு ஒரு ஓட்டுதாம்மா, அதுவும் ஆம்பளைக்குத்தான்" என்றாராமே. அந்தக் காட்டில் நான் கால் வைத்தே நாலு வருஷமாகிறது. தினமும் போய் விறகு சுமக்கிறவள் நீ. வீட்டுக்கு ஒரு ஓட்டு என்றால், வீட்டில் இருப்பவள் போடட்டும்.

போனில் சொன்னால் எழுத்தில் கேட்பார்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் அவர்கள் நோட்டுக்குப் பக்கத்தில் விரித்து வை. அங்கே நீ பேசுவதைப் பதிந்து எனக்கு அனுப்பு. சண்டையாக இருந்தாலும் பரவாயில்லை, உன் குரலைக் கேட்க வேண்டும்.

மேஸ்திரி கூப்பிடுகிறார். கீழே இருக்கும் இந்தக் கிறுக்கல்தான் இந்த மாதம் நான் போட்ட ஒரே கையெழுத்து.

வீட்டில் இல்லாத உன் வீட்டுக்காரன்