பீரோவை நகர்த்திக் காட்டுகிறவள்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நான் சௌக்கியம், முழங்காலும் பரவாயில்லை, மூன்று மாடி ஏறினால்தான் முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் நடுவில் பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். இனிமேல் லைசென்ஸ் இல்லாம வீட்டு புரோக்கர் வேலை பார்க்கக்கூடாதுன்னு அரசாங்கமே சொல்லியாச்சு, அறுபது வயசுல பரீட்சைக்கெல்லாம் அலையாதீங்கம்மா, வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்க என்று ஆறு மாதம் முன்பு சொன்னாய். பார்க்கலாம் என்றேன். நான் போய்ப் பார்த்தது லைசென்ஸுக்கான பயிற்சி வகுப்பை. அறுபது மணி நேரம், முன் பெஞ்சு. கோபித்துக்கொள்ளாதே, அப்பா போன பிறகு பத்தொன்பது வருஷம் சாவிக்கொத்தோடு தெருத்தெருவாக நடந்து உன்னை ஆளாக்கிய வேலை, ஒரு காகிதம் இல்லை என்று அதை விட எனக்கு மனசு வரவில்லை. பரீட்சையில் நூற்றுக்கு எண்பத்தொன்று. வீடு பார்க்க வருகிறவரிடம் எந்தெந்தக் குறைகளை மறைக்கக்கூடாது என்ற கேள்விக்கு மட்டும் கூடுதல் தாள் வாங்கினேன்.

சிக்கல் விண்ணப்பத்தில் வந்தது. சட்டம் வந்த தேதிக்குப் பிறகு உரிமம் இல்லாமல் வீடு காட்டியதுண்டா என்று ஒரு கேள்வி. ஒரே ஒரு தடவை காட்டினேன், சட்டம் வந்த மறுநாள், விஷயம் தெரியாமல், பின் தெரு டீச்சரின் மாடி வீட்டை. எனக்குப் போட்டியாக ஓடும் ஹெல்மெட்காரரை உனக்குத் தெரியுமே, வண்டியை விட்டு இறங்கினாலும் அதைக் கழற்றமாட்டார், அவர்தான், இல்லைன்னு போடுங்கக்கா, எவன் வந்து பார்க்கப்போறான் என்றார். எனக்கும் சபலம் தட்டியது. ஆமாம் என்றால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம், அப்புறம் இரண்டு வருஷத்துக்கு மனுவே போட முடியாது. ஆனால் சுவரில் ஈரம் இருந்தால் பீரோவை நகர்த்திக் காட்டுகிறவள் நான், என் விஷயத்தில் மட்டும் பீரோவைப் போட்டு மறைப்பேனா. ஆமாம் என்றே எழுதினேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், பயந்துகொண்டேதான் போனேன், உன்னிடம் சொல்வதற்கென்ன. அந்த அதிகாரி அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, தெரியாம ஒரு தடவை செஞ்சதுக்கு எச்சரிக்கைதான், மறைச்சிருந்தாத்தான் தள்ளுபடி என்றார். அப்போதுதான் மூச்சு வந்தது. ஹெல்மெட்காரரோ தன் விண்ணப்பத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்தார், ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் ஊரெல்லாம் வீடு வாடகைக்கு என்று தன் போன் நம்பரோடு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார், அந்த ஆபீஸ் காம்பவுண்டு சுவரையும் விடவில்லை. அவருடையது தள்ளுபடி. பாவம்தான், ஆனாலும் பஸ்ஸில் வரும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

நேற்று உரிமம் வந்துவிட்டது. இப்போது உன் பேச்சுக்கு வருகிறேன். உங்களோடு இருக்க எனக்கு ஆசையில்லாமல் இல்லை, குட்டியின் லீவுக்கு வந்து ஒரு மாதம் தங்கி உன் கையால் சாப்பிடுகிறேன். வீடு விஷயம் வேறு. உரிமம் உள்ளவர் சொந்த வீட்டை விற்றால் அதன் குறைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது விதி, நீ கேட்டாயே என்று நம் வீட்டுக்கும் எழுதிப் பார்த்தேன். சமையலறை ஜன்னலுக்குக் கொக்கி விழாது. குளியலறைக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும். உள்ளே ஒரு பொம்பளை குடியிருக்கிறாள், காலி செய்வதாக இல்லை.

நீங்கள் அங்கே சொந்த வீடு பார்ப்பதாக மாப்பிள்ளை சொன்னார், மறக்காமல் பீரோவை நகர்த்திப் பாருங்கள். மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உரிம எண்ணோடு முதல் தடவையாகக் கையெழுத்துப் போடும்
உன் அம்மா