பனி வந்தால் நிறுத்து

அலமாரியில் வேறெதையோ தேடியபோது அந்தக் கைக்குட்டை கையில் கிடைத்தது, அக்கா. ஓரத்தில் ஆரஞ்சுக் கறை மங்கியிருக்கிறதே தவிரப் போகவில்லை. அதே நேரம் மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கோட்டயத்துக்காரி யாரிடமோ, "மோனு பனியா" என்றாள். பனி என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் தேடியதை விட்டுவிட்டேன்.

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில், என்னுடைய இதே வீட்டில் தங்கித்தான் காசநோய்க்கு நீ மருந்து தொடங்கினாய். எழுபதுகளில் அப்போதுதான் வந்திருந்த சிவப்பு மாத்திரை. ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் கர்வத்தோடு விளக்கினேன்: கிருமியின் மரபணுவைப் படித்துப் படியெடுக்க ஒரு புரதம் உண்டு, மாத்திரை போய் அதை அடைத்துக்கொள்ளும், படியெடுக்க முடியாமல் கிருமி சாகும். சிறுநீரும் கண்ணீரும்கூடச் சிவக்கும், பயப்படாதே.

"அப்போ கிருமியும் ஒங்க அத்தான மாதிரி எழுத்து தெரியாமப் போயிரும்னு சொல்லு" என்று சிரித்தாய். அத்தான் சிரிக்கவில்லை. "படிச்சவன், நீயே பாத்துக்கிடு" என்று எழுந்து போனார். அதை நான் மன்னிக்கவே இல்லை.

நீ மலைமேலுள்ள மாட்டுப்பட்டி வீட்டுக்குக் கிளம்பும்போது, மருந்து கொடுத்த மலையாள நர்ஸ் சொன்னதை அவள் சொல்லிலேயே திருப்பிச் சொன்னேன். "பனி வந்தா மாத்திரைய நிறுத்திட்டு எனக்கு எழுது." பத்து வருடம் பாலக்காட்டுப் பக்கம் இருந்தவனுக்குப் பனி என்றால் காய்ச்சல், மாத்திரை ஒத்துக்கொள்ளாததன் அடையாளம். திருநெல்வேலியிலிருந்து மலையேறி மூன்று மாதமே ஆன உனக்கு?

மார்கழியில் உன் கடிதம் வந்தது. "பனி வந்த அன்னைக்கே நிறுத்திட்டேன். ஒரு மாசமாச்சு. எப்போ திரும்பத் தொடங்கணும்?"

ஒரு மாதக் காய்ச்சல்! பஸ் மாறி மாறி வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் உன்னைப் பிணமாகவே நினைத்தேன். நீயோ அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாய்.

"காய்ச்சலா? எனக்கா? வெளிய பாருலே, புல்லெல்லாம் வெள்ளையாக் கெடக்கு பனி."

"அறிவிருக்கா ஒனக்கு?" என்று கத்தினேன். தவறு என் வாயிலிருந்து வந்ததென்று அன்று சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.

என் முன்னாலேயே மாத்திரையை விழுங்கினாய். மறுநாள் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்து அழுதாய். என் கைக்குட்டையை வாங்கித் துடைத்து, சிவந்த ஈரத்தைக் காட்டினாய். "பாரு தம்பி, மருந்து வேலை செய்யுது."

செய்யவில்லை. இடையில் விட்டதில் தப்பிய கிருமிகளில் அந்தப் புரதமே வடிவம் மாறியிருந்தது. மாத்திரைக்குப் பிடி கிடைக்கவில்லை. அடுத்த மார்கழியில் நீ இல்லை.

அத்தானையும் நர்ஸையும் திட்டியே இத்தனை காலம் ஓட்டிவிட்டேன்.

இன்று மதிலருகே போய், "குழந்தைக்குக் காய்ச்சலா?" என்று கேட்டேன். அவளுக்குத் தமிழ் புரியவில்லை; பனி என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. நெற்றியைத் தொட்டு, சுட்டதுபோல் கையை உதறிக் காட்டினேன். அவள் தலையாட்டும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன்.