கட்டு அவிழ்த்த புழுக்கள்

ஜூலை 3, 2025
ஆய்வுக்கூடத்தில் ஏர்கோன் செத்துவிட்டது. காலையில்தான் வால் வெட்டிய தட்டைப்புழுக்கள் இருபதையும் ரொட்டிப் பெட்டியில் போட்டு, புந்தோங்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இங்கே ஏர்கோன் இருப்பது சாமி அறையில் மட்டும். பூ வாடக்கூடாதாம். புழுக்களுக்கும் குளிர் வேண்டும், பெட்டியை அங்கேயே வைத்தேன். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் காட்ட ஏதாவது இல்லையென்றால் என் முனைவர் படிப்பு அத்தோடு சரி. இருப்பவை இந்த இருபதுதான்.

ஜூலை 4
"பெட்டியில என்னம்மா?" என்றார் வீட்டுக்கார காளியம்மா அக்கா. என் வாய் சும்மா இருக்காதே. செல்லுக்குள் டிஎன்ஏ என்ற மரபு நூல் சுருண்டு கிடக்கிறது, ஒரு புரதம் அதை வளையம் வளையமாகக் கட்டி வைக்கிறது, அந்தக் கட்டைப் பொறுத்துத்தான் 'இங்கே தலை, இங்கே வால்' என்ற செய்தி போகிறது, ஈ, மீன், மனிதன் எல்லாருக்கும் அதே புரதம் என்றேன். பத்துப் புழுவில் அதைக் குறைத்திருக்கிறேன். அவற்றுக்கு வால் இருந்த இடத்திலும் தலை முளைக்க வேண்டும். மூன்று வருடமாக முளைக்கவில்லை. மற்றப் பத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தனியே தடுத்து வைத்திருக்கிறேன்.

"அப்ப நீ கட்டு அவுக்குற."

"ஆமாக்கா!" என்றேன். எவ்வளவு சுலபமாகப் புரியவைத்துவிட்டேன் என்று பெருமை வேறு.

ஜூலை 5
ஐயோ. செய்வினைக் கட்டு என்று நினைத்துவிட்டார்! மகன் சுரேன் தைப்பிங்கில் லாரி ஓட்டுகிறார். வயது முப்பத்தெட்டு, பதினொரு பெண் பார்த்தும் அமையவில்லை.

"ரப்பர் தோட்டத்துல இருந்தப்பவே யாரோ கட்டிட்டாங்க, சாந்தினி. மனுசனுக்கும் அதே கட்டுன்னு நீதானே சொன்ன?"

சொன்னேன்தான்.

ஜூலை 6
பெட்டி மூடிமேல் குங்குமம், எலுமிச்சம்பழம், சுரேனின் பாஸ்போர்ட் படம்.

ஜூலை 10
ஏழாம் நாள். வழக்கம்போல் புழுக்களை எடுத்து அரைத்துப் புரதத்தை அளந்து பார்க்க வேண்டும். சாமி அறைக்குப் பூட்டு!

"படம் வெச்ச நாள்லேருந்து இருபத்தொரு நாள் பெட்டிய தொறக்கக் கூடாது லா. பாதில தொறந்தா திரும்ப கட்டு விழுந்துரும்."

கெஞ்சினேன். கத்தினேன். சாவி அவர் இடுப்பில். இதற்கிடையில் எதிர்வீட்டுப் பாப்பா அக்காவும் தன் மகளின் படத்தை மூடிமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போச்சு. மூணு வருசம் ஒரு ரொட்டிப் பெட்டியில போச்சு. யாருகிட்ட சொல்லுவேன்? என் புழுக்களை விரதத்தில் வைத்துவிட்டார்கள் என்று போலீசில் புகார் கொடுப்பதா?

ஜூலை 27
அக்கா சூடம் காட்டிப் பெட்டியைத் திறந்தார். புரதம் குறைத்த பத்தில் ஒன்பதுக்கு இரண்டு தலை! வால் இருந்த இடத்திலிருந்து மாறுகண் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கின்றன. மற்றப் பத்துக்கும் ஒழுங்காக ஒரே தலை. அதே குங்குமம்தான் அவற்றுக்கும். நான் அழுதேன். அக்காவும் அழுதார், வேறு காரணத்துக்கு.

ஜூலை 28
என் மேற்பார்வையாளர் டாக்டர் முஹ்ஸினா படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "தலை வர மூணு வாரம் ஆகும் போல. நீ எப்பவும் ஏழாம் நாளே எடுத்துருவ. இந்தத் தடவை மட்டும் எப்படிப் பொறுத்த?"

"சாவி இல்ல, டாக்டர்."

ஆகஸ்ட் 5
படிப்பைத் தொடரலாம் என்றது குழு. செய்முறையில் 'குளிரூட்டிய அறையில், இருபத்தொரு நாள் திறக்காமல்' என்று எழுதியிருந்தேன். எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14
சுரேனுக்கு இன்று நிச்சயதார்த்தம். பெண், பாப்பா அக்காவின் மகள். மூடிமேல் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததைப் பூஜையின்போது பார்த்துப் பார்த்து அம்மாக்கள் இருவருக்கும் தோன்றியிருக்கிறது. கட்டும் இல்லை, ஒன்றும் இல்லை என்று அக்காவிடம் இன்றாவது சொல்லிவிடலாமென்றுதான் மண்டபத்துக்குப் போனேன்.

முன்வரிசையில் ஒரு நாற்காலியில் ரொட்டிப் பெட்டி. அதற்கு மாலை. பக்கத்து நாற்காலி எனக்கு.

உட்கார்ந்துகொண்டேன்.