ஆபீசரம்மா நம்பாத முகம்

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் தொடங்குகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதி அடித்திருக்கிறேன் பார், அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும், வேறு தாள் எடுத்தால் இருக்கிற தைரியமும் போய்விடும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருக்கிற ஒரே நல்ல போன் அப்பா கையில், நான் உனக்கு அனுப்புவதை எல்லாம் அவர்தான் எழுத்துப்பிழை திருத்தி அனுப்புகிறார் என்பது உனக்கே தெரியும். இந்த விஷயத்தை உன் காதில் போடவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. இப்போது முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதித் தபாலில் போட வேண்டும். முதலில் நீ படபடக்காதே, படபடப்பதற்கு இங்கே நான் ஒருத்தி போதும்.

அப்பாவின் ஓய்வூதியத்துக்கு வருடா வருடம் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று காட்ட வேண்டுமல்லவா, நீதானே அதற்குப் போனில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தாய். முதல் தடவை எவ்வளவு முரண்டு பிடித்தார், என் முகத்தை எவன் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறானோ என்று முணுமுணுத்து, போனில் காட்டிவிட்டு அலுவலகத்துக்கும் நேரில் போய் நின்றார். உங்களுடையது ஏற்கெனவே வந்துவிட்டதே சார் என்று கவுண்ட்டரில் சொன்ன பிறகுதான் மனம் சமாதானமானது. அப்புறம் அதன் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. கண்ணைச் சிமிட்டுங்கள், தலையைத் திருப்புங்கள், புன்னகை செய்யுங்கள் என்று அதில் ஒரு பெண் குரல் வரும், அவளுக்கு ஆபீசரம்மா என்று பெயர் வைத்து, இந்த வீட்டில் குரலை உயர்த்தாத ஒரே பொம்பளை இவள்தான் என்று என்னைச் சீண்டுவார். இஸ்திரி போட்ட சட்டையோடு, தலை வாரிக்கொண்டுதான் அவள் முன்னால் உட்காருவார். டிப்போவில் டைம்கீப்பராக இருந்த காலத்தில் மேலதிகாரிக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

இந்த வருடம் ஆபீசரம்மா அவரை ஏற்கவில்லை. மீண்டும் முயலவும், மீண்டும் முயலவும் என்று அதையே சொன்னாள். ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன், கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன், போனை என் முந்தானையால் துடைத்தேன். எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது, உங்கள் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து அவளுக்கே அலுத்துவிட்டது என்றேன். அப்புறம் சிவப்பு எழுத்தில் ஒன்று வந்தது, புகைப்படத்தைக் காட்ட வேண்டாம், உயிருள்ள நபரின் முகத்தைக் காட்டவும் என்று. அதைப் படித்ததும் நான் கேலியை நிறுத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை, இத்தனை நாள் பழகினவ, இப்ப என்னை ஏன் நம்ப மாட்டேங்கிறா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

போன்தான் கெட்டுவிட்டது என்று சாதித்து நான் அவரை அலுவலகத்துக்கு இழுத்துப் போனேன். கவுண்ட்டரில் இருந்த பெண் போனை வாங்கித் தன் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தாள். அவளை உயிருள்ள ஆள் என்று செயலி உடனே ஒப்புக்கொண்டது, வேறு ஆள் என்று மட்டும் சொன்னது. போன் நல்லாத்தாம்மா இருக்கு, சார் கொஞ்சம் சிரிச்சாப் போதும் என்றாள். எனக்கு எரிச்சல், வரிசையில் எல்லாரும் பார்க்கிறார்கள், கொஞ்சம் சிரித்துத்தான் தொலையுங்களேன் என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, சிரிச்சுக்கிட்டுதானே இருக்கேன் என்றார். வாலு, அந்த முகத்தில் ஒன்றுமே இல்லையடி. உதடு அசையவில்லை, கண்ணோரம் சுருங்கவில்லை. அவர் விளையாடவில்லை, சிரித்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் நல்லவள், நேரில் வந்ததாகப் பதிந்துகொண்டு அனுப்பிவிட்டாள், அதனால் ஓய்வூதியத்துக்குப் பிரச்சினை இல்லை. பஸ்ஸில் வரும்போது வழி முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன், கண்கூட எப்போதாவதுதான் சிமிட்டுகிறார். தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்கு இது தெரியவில்லை, தையல் மெஷினில் குனிந்தபடியே இருந்துவிட்டேன், யாரோ எங்கேயோ செய்து வைத்த ஒரு குரலுக்குத் தெரிந்திருக்கிறது.

ரத்த அழுத்தம் பார்க்க என்று பொய் சொல்லி டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் அப்பாவை ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார், அறைக்குள்ளேயே நடக்கச் சொன்னார். ஒரு கை வீசி நடக்கிறது, இன்னொரு கை உடம்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பார்க்கின்சன் நோயாக இருக்கலாம், நரம்பு டாக்டர் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும், முகத்தசை இறுகிப்போவதால் மனதில் இருப்பது வெளியே தெரியாது, உள்ளே மனிதர் அப்படியேதான் இருக்கிறார், மருந்து இருக்கிறது, பயப்படாதீங்கம்மா என்றார். பயப்படாதே என்று அவர் சொன்ன பிறகுதான் என் பயம் இரட்டிப்பானது. அப்பா மாடிப்படியில் இறங்கினால் பயம், சவரக் கத்தியை எடுத்தால் பயம், எல்லாவற்றுக்கும் மேலே, நாளைக்கு அவருக்கு எங்கேயாவது வலித்தால் அந்த முகம் எனக்குக் காட்டிக்கொடுக்காதே என்ற பயம். அதனால் சும்மா சும்மா வலிக்கிறதா என்று கேட்கிறேன். நீ கேக்கிறதுதான் வலிக்குது என்கிறார்.

இனிமேல் எழுதுவதை நன்றாகப் படி, இதற்காகத்தான் கடிதமே. நீ அங்கேயே வீடு வாங்கப் போவதாக வீடியோவில் சொன்ன அன்று அப்பா, ரொம்ப நல்லதாப் போச்சு, உன் ரூமை வாடகைக்கு விட்டாச்சு, இனி வந்தா லாட்ஜுலதான் தங்கணும் என்றார். உன் முகம் சுண்டிப்போனது, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய், அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் உன் பக்கம்தான் நின்றேன், தூரத்தில் இருக்கிற பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது என்று அவரை வாங்கு வாங்கு என்று வாங்கினேன். விளையாட்டுக்குச் சொன்னதுகூடவா புரியாது என்றார், நான் நம்பவில்லை. அவர் உன்னைச் சீண்டும்போது வாய் ஒன்று சொல்லும், இடது புருவம் மேலே ஏறி அதைப் பொய் என்று சொல்லிவிடும், சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துத்தானே சிரித்துக்கொண்டு சண்டைக்குப் போவாய். அன்றைக்கும் புருவத்தைத் தூக்கினேன் என்று சொல்கிறார். அது ஏறவே இல்லை, அவருக்குத் தெரியவில்லை. உன் அறைக்கு யாரும் வரவில்லையடி, மறுநாளே ஸ்டூல் போட்டு ஏறி அதற்குப் புது டியூப்லைட் மாட்டினார்.

நோயைப் பற்றி நெட்டில் தேடாதே, நான் தேடிச் சீரழிந்தது போதும். கேள்வி கேட்டால் பதில் சொல்கிற ஒன்று இருக்கிறதே, அதையும் கேட்டேன், அவ்வளவு தன்மையாகப் பேசியது, முகம் தெரியாத ஒன்று இவ்வளவு இனிக்கப் பேசினால் எப்படி நம்புவது என்று மூடிவிட்டேன். அப்புறம் யோசித்தேன், முகம் தெரிந்து மட்டும் நாம் என்ன கிழித்தோம், அந்த முகத்தை நம்பித்தானே நீயும் நானும் அவரைத் தப்பாக நினைத்தோம். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வராதே, நரம்பு டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். ஆனால் நீ கூப்பிட வேண்டும். அவர் என்ன சொன்னாலும் முகத்தைப் பார்த்து முடிவு கட்டாமல், விளையாடறீங்களாப்பா என்று வாய்விட்டுக் கேள், உன்னிடம் பொய் சொல்ல மாட்டார்.

இன்று காலை உன் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உன் கட்டிலில் உட்கார்ந்து போனில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு, விரலால் உதட்டோரத்தை மேலே தள்ளித் தள்ளி விட்டுப் பார்க்கிறார், விரலை எடுத்ததும் அது பழையபடி இறங்கிவிடுகிறது. அலுவலகத்தில்தான் பதிந்தாகிவிட்டதே, இன்னும் எதற்கு இது என்று கேட்டேன். வாலு கூப்பிட்டா நான் சிரிக்கிறது அவளுக்குத் தெரியணும்ல என்றார்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, மறந்துவிடாதே. கூப்பிட்டதும் நீ முதலில் சிரி.

பயந்துபோய் இருக்கும்,
உன் அம்மா