மாமா என்னும் உலகப் பட்டம்

9 பிப்ரவரி 1986

காலையில் பேரரசி தையல்நாயகி (வயது இரண்டரை) என் மடியில் எழுந்தருளி, மீசையைப் பிடித்து இழுத்து, "மாமா" என்று முழங்கினாள். அந்த அதிர்ச்சியில் பாண்டிச்சேரி ரயில் டிரைவர் இல்லாமலே கிளம்பிவிட்டதாக விழுப்புரம் ஜங்ஷனில் பேச்சு. பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.

மதியம் திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை பாண்டுரங்கன் வந்தார். என் தங்கை அம்சா பிரசவத்தில் கண்ணை மூடியதிலிருந்து குழந்தை எங்களிடம்தான் வளர்கிறது. அவர் மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். இன்று வந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், தை மாதம் மறுகல்யாணம் ஆகிவிட்டதாம். "புள்ளைக்குக் காது குத்திட்டு அப்படியே இட்டுக்கினு போயிடறேன், மச்சான்."

அடுப்பில் தோசை கருகியது. என் வீட்டுக்காரி வீரம்மாள் திருப்பவில்லை.

காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். அந்த மடி என்னிடம் இருக்கிறது. நாள் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். படை இல்லாத ராஜாவுக்கு இந்த ஒரு கோட்டைதான் பாக்கி.

17 பிப்ரவரி

நான் வேலை பார்க்கும் ரயில்வே பார்சல் ஆபீசுக்குச் சிதம்பரத்தில் படிக்கும் கென்யா நாட்டுப் பிள்ளை ஒருவர் சைக்கிளை அனுப்ப வந்தார். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த வீரம்மாளின் இடுப்பிலிருந்து தையலு "மாமா" என்று கூவ, அவர் என்னை விட்டுவிட்டு வீரம்மாளுக்கு வணக்கம் வைத்தார். அவர்கள் பாஷையில் மாமா என்றால் அம்மாவாம். தாய்மாமனுக்கு 'ம்ஜோம்பா' என்று வேறு பெயராம்.

அதாவது ஆப்பிரிக்காக் கண்டம் முழுவதும் நான் ஒரு பெண்மணி! வீரம்மாளிடம் அறிவித்தேன். "அப்ப நாளையிலிருந்து புள்ளைக்குப் பால நீயே காச்சுய்யா" என்றாள்.

3 மார்ச்

துபாய்ப் பெட்டியை எடுக்க வந்த கோட்டக்குப்பம் காதர் பாட்சா பாயிடம் விசாரணை. அங்கேயும் அரபிப் பிள்ளைகள் அம்மாவைத்தான் அப்படிக் கூப்பிடுகின்றனவாம். அம்மா கூடப் பிறந்தவனுக்கு 'கால்' என்று பேராம். மாமா என்னும் சிம்மாசனத்தில் ஏறினால் கடல் தாண்டியதும் காலாகிவிடுகிறேன். இந்திக்காரர்கள் மட்டும் நம்ம மாதிரியே தாய்மாமனைத்தான் சொல்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னார். இந்தியை முதல்முறையாகப் பாராட்டினேன்.

20 மார்ச்

திண்டிவனத்துக்குக் கார்டு போட்டேன். பங்குனியில் நாளே சரியில்லை. தவிர, விழுப்புரத்தில் ஆடு மாடு உட்பட சகலருக்கும் மெட்ராஸ் ஐ.

யாருக்கும் மெட்ராஸ் ஐ இல்லை.

2 ஏப்ரல்

குயிலாப்பாளையம் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் வண்டி மாற இறங்கினார். தமிழ் உடைத்து உடைத்துப் பேசுகிறார். ரஷ்யாவுக்குக் கீழே ஜார்ஜியா என்று ஒரு சீமை, அங்கே மாமா என்றால் அப்பாவாம்! அம்மாவுக்கு 'தேதா'. யாரிடமிருந்து யார் திருடினது என்று கேட்டேன். எல்லாமே திருட்டு இல்லை என்றார். உதட்டை மூடித் திறந்தால் எந்தக் குழந்தைக்கும் வருகிற சத்தம் அது. தொட்டில் பக்கம் குனிந்திருக்கிற ஆள் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார். ஊருக்கு ஊர் குனிந்த ஆள் வேறு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீரம்மாள் அரிசி களைவதை நிறுத்தவில்லை. "அப்ப அந்த ஊர்ல பாண்டுரங்கன்தான் மாமா. எங்க போனாலும் அவருக்குத்தான் கேசு ஜெயிக்குது."

தொட்டில் பக்கம் குனிந்திருந்தது யார்? நாங்கள் இரண்டு பேரும்தானே? இதைச் சொல்ல எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

20 ஏப்ரல்

பாண்டுரங்கன் வந்தார். சண்டைக்குத் தயாராக வண்டி வண்டியாக வசனம் வைத்திருந்தேன். அவர் குரலே உயர்த்தவில்லை.

"எனக்கும் அது புள்ளதானே, மச்சான்."

அவ்வளவுதான். என் வசனம் எல்லாம் எங்கே போச்சு? அவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சவுகரியம்.

திருவக்கரைக் கோயிலில், சித்திரையிலேயே. தேதியை அவரே வைத்துவிட்டார். சரி என்றேன். வேறு என்ன என்பது?

4 மே

திருவக்கரை. புதுச் சட்டை எனக்கு, பட்டுப்பாவாடை அவளுக்கு. தாய்மாமன் வேலை என்ன தெரியுமா? மடியில் வைத்து, குழந்தையின் இரண்டு கையையும் அசையாமல் பிடித்துக்கொள்வது. ஆசாரி கம்பியை எடுத்ததும் மாமா, மாமா என்று அலறினாள். என்னைக் காப்பாற்று என்று என்னிடமே. நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அதுதான் முறை. நான் என்ன பண்ணட்டும்? விட்டா காது கிழிஞ்சிடும்.

சாப்பிட்டு முடித்ததும் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றினார்கள். அழுது களைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். நல்லதாப் போச்சு.

நல்லதா?

5 மே

ஆபீசில் யாரும் கேட்கவில்லை. நானும் இன்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

29 ஜூன்

வீரம்மாள் பாதிப் பால்தான் வாங்குகிறாள். திண்டிவனம் போகலாமா என்றேன். "போயி? திருப்பிக் குடுன்னு கேப்பியா?" என்றாள். போகவில்லை.

12 அக்டோபர்

போனேன். வீரம்மாள் முறுக்குச் சுட்டுக் கொடுத்தாள், தான் வரவில்லை.

வாசலில் ஓடி வந்த தையலு தடுக்கி விழுந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தேன். என்னைத் தாண்டி உள்ளே ஓடி, "அம்மா" என்று பாண்டுரங்கனின் புது மனைவி முனியம்மாளின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீட்டின கையை என்ன செய்வது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றினேன்.

அந்தப் பெண்ணுக்கு இது ஏழாம் மாசம். காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். குழந்தை இன்னும் புடவையை விடவில்லை. பாண்டுரங்கன் வேண்டுமென்றே மல்லாட்டைக் கடலை மூட்டையை நகர்த்த வெளியே போனார்.

"எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லண்ணே. வளைகாப்புக்குப் பொறந்த வூட்டு வளையல் நீங்களும் அண்ணியும்தான் எடுத்துக்கினு வரணும். வயித்துல இருக்கிற இதுக்கும் உங்க மடியிலதான் காது குத்தணும்னு இவர்கிட்ட சொல்லிட்டேன்."

நாலு கண்டத்துப் பாஷை தெரிந்த நான் தலையை மட்டும் ஆட்டினேன். தையலு புடவைக்குள்ளிருந்து ஒரு கண்ணை நீட்டி, நான் கொண்டுபோன முறுக்குப் பையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீரம்மாள் முறுக்குச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தாள். பிறகு கேட்டாள்: "வளையலுக்குக் கை அளவு இன்னா?"

கேட்காமல் வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாகப் போகிறோம்.